டி.வி.டி. ஓட மறுக்கிறதா?

நூல்நிலையத்திலிருந்து ஆசையோடு ஒரு டி.வி.டி. தட்டு எடுத்து வருகிறீர்கள். வீட்டில் எல்லாரும் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்தாயிற்று. பெட்டி நாலு தரம் உறுமுகிறது, அப்புறம் மௌனம்! திருப்பிக் கொடுக்கப் போனால், "தரும்போது நன்றாகத்தானே இருந்தது?" என்கிறார்கள். வீண் மனஸ்தாபம், அபராதம் வேறு கேட்டாலும் கேட்பார்கள். ஆனால் பல சமயம் தட்டின்மேலும் குற்றம் இராது, உங்கள் மேலும் இராது.

உறையின் பின்பக்கத்தைப் பாருங்கள். சின்னப் பூகோள உருண்டைக்குள் ஓர் எண் இருக்கும். இந்தியாவுக்கு 5, அமெரிக்காவுக்கு 1, இங்கிலாந்துக்கும் ஜப்பானுக்கும் 2, சிங்கப்பூருக்கு 3. ஒரு தேசத்தில் படம் தியேட்டருக்கு வருமுன்பே மற்றொரு தேசத்துத் தட்டு வந்து வசூலைக் கெடுத்துவிடக் கூடாதே என்று பட முதலாளிகள் போட்ட வேலி இது! அமெரிக்காவில் வாங்கி யாரோ நூல்நிலையத்துக்கு அன்பளிப்பாகத் தந்த தட்டு நம் ஊர்ப் பெட்டியில் முரண்டு பிடிப்பது இதனால்தான். பூஜ்யம் போட்டிருந்தால் எங்கும் ஓடும்.

கம்ப்யூட்டரில் போட்டால், "எண்ணை மாற்றட்டுமா?" என்று அது கேட்கக்கூடும். அவசரப்பட்டுச் சம்மதித்துவிடாதீர்கள். ஐந்தே தடவைதான் மாற்றலாம். பிறகு கடைசி எண்ணே நிலைத்துவிடும்.

படம் வருகிறது, ஆனால் வர்ணமில்லாமல் உருளுகிறதா? அமெரிக்கத் தட்டு என்.டி.எஸ்.சி. முறை, நம்முடையது 'பால்' முறை. (காப்பிக்கு உதவாத பால்!) பழைய டெலிவிஷன்களுக்குத்தான் இந்தத் தொல்லை.

2006-ல் விற்பனைக்கு வந்த புளூ-ரே தட்டும் பார்வைக்கு இதன் இரட்டைப் பிள்ளைதான். அதைப் படிக்க நீலஊதா ஒளி வேண்டும், டி.வி.டி. பெட்டியில் இருப்பதோ சிவப்பு ஒளி.

எண்ணும் முறையும் சரியாயிருந்தால், தட்டைத் துடைத்துப் பாருங்கள். மெல்லிய பருத்தித் துணியால், நடுத் துவாரத்திலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். பாத்திரம் தேய்ப்பதுபோல் வட்டமாகத் தேய்க்காதீர்கள்! குறுக்கே விழும் கீறலைப் பெட்டி சமாளித்துக் கொள்ளும். பதிவின் போக்கிலேயே நீளமாக விழும் கீறல் ஒரே இடத்தில் நிறைய அழித்துவிடும். பற்பசை வைத்தியமும் வேண்டாம், அது இரவல் பொருள்.

அப்படியும் ஓடவில்லையா? திரையில் தெரிந்த வாசகத்தையும் உங்கள் பெட்டியின் மாடலையும் ஒரு சீட்டில் குறித்து உறைக்குள் வைத்துக் கொடுங்கள். அங்குள்ள பெட்டியில் உங்கள் எதிரிலேயே ஒரு தரம் போட்டுப் பார்க்கவும் சொல்லுங்கள்.