உங்களுக்குத் தெரியுமா? – ஏர் ஷோ ஸ்பெஷல்

வல்லம் வடகாலில் ஷிஃப்ட் முடித்து அடுத்த ஏர் ஷோவுக்குக் கிளம்புகிறவர்கள், வண்டி ஏறும் முன் படித்துவிடுங்கள்!

● காசு கொடுத்துப் பார்த்த விமானம்: மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டி'ஏஞ்சலிஸ், சிம்ப்சன் பட்டறையில் ஒரு விமானம் கட்டிப் பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்தார். 1910 மார்ச்சில் தீவுத்திடலில் கட்டணம் வசூலித்து, கூட்டத்தின் முன் பறந்தும் காட்டினார். ரைட் சகோதரர்கள் பறந்து அப்போது 7 வருடம்கூட ஆகவில்லை.

● நாலில் தொடங்கியது: 1933 ஏப்ரலில் நம் விமானப்படையின் முதல் படைப்பிரிவு கராச்சியில் தொடங்கியபோது இருந்தவை 4 வபிடி விமானங்கள். 2024 அக்டோபர் 6 அன்று மெரினா ஏர் ஷோவில் வானில் வலம் வந்தவை 72!

● மறுபிறவி எடுத்த டகோட்டா: மெரினாவில் பறந்த 'பரசுராமா' டகோட்டா, இங்கிலாந்தில் பழுது நீக்கப்பட்டு 2018ல் விமானப்படைக்குப் பரிசாக வந்தது. அதன் மேல் எழுதியிருக்கும் எண் வி.பி. 905. 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகருக்குச் சிப்பாய்களை ஏற்றிச் சென்ற டகோட்டாவின் எண் அது.

● ஹார்வர்டின் அலறல்: இந்தப் பழைய பயிற்சி விமானத்தின் காதைக் கிழிக்கும் சத்தத்துக்கு, எஞ்சினைவிட ப்ரொபெல்லர்தான் முக்கியக் காரணம். நடுவில் கியர் இல்லாமல் எஞ்சினோடு நேரே சுழலும் அதன் நுனி, ஒலியின் வேகத்தை நெருங்கிவிடும்.

● புகையல்ல, பனி: சாகச விமானத்தின் வாலில் எதுவும் எரிவதில்லை. சூடாக வெளியேறும் காற்றில் டீசலைப் பீய்ச்சுகிறார்கள். அது ஆவியாகி, குளிர்ந்து, வெண்பனியாய்த் தெரிகிறது. சாயம் கலந்தால் மூவர்ணம்!

● வாத்தியார் வண்டி: 1996ல் உருவான 'சூர்ய கிரண்' குழு இன்று ஓட்டும் ஹாக், போர் விமானிகள் பழகும் பயிற்சி விமானம். பயிற்சிக்கே விமானம் போதாமல் 2011ல் குழுவைக் கலைத்து, பிறகு ஹாக்கோடு மீண்டும் கொண்டுவந்தார்கள். பழகுகிறவர்களுக்குச் சொல்லித்தரும் ஆசிரியர்களைத் தயார்செய்யும் பள்ளி எங்கே? நம் தாம்பரத்தில்!

● கொங்கு நாட்டு மயில்: ஹெலிகாப்டர் சாகசக் குழு 'சாரங்'கின் பெயருக்கு மயில் என்று பொருள். குடியிருப்பது கோவை சூலூர். அது ஓட்டும், உள்நாட்டுத் தயாரிப்பான துருவ் ஹெலிகாப்டரின் இறக்கைகள் கீல் இல்லாமல் பொருத்தப்பட்டவை. அதனால்தான் அவ்வளவு சட்டென்று வளைந்து திரும்புகிறது.

● சத்தத்தை நம்பாதீர்கள்: ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் ஓடும். 1.7 கி.மீ. தொலைவில் எழுந்த உறுமல் உங்கள் காதுக்கு வர 5 நொடி. அதற்குள் 900 கி.மீ. வேகத்தில் போகும் ஜெட் 1.25 கி.மீ. கடந்திருக்கும். சத்தம் வரும் திசைக்கு முன்னால் தேடுங்கள்.

● தண்ணீர் முக்கியம்: மெரினாவில் காட்சி நடந்தது உச்சி வெயிலில். அன்று வெயிலுக்கு 5 உயிர்கள் பலியாயின. குடை, தொப்பி, தண்ணீர் பாட்டில் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

● நம்ம ஊர்ப் பங்கு: சிப்காட்டின் விண்வெளி, விமானத் தொழில் பூங்கா இருப்பது வல்லம் வடகாலில். தமிழ்நாட்டு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ட்ரோன் சோதனை மையத்துக்குத் தேர்வான இடமும் இதுதான். பட்டறையில் கட்டிய விமானம் உருண்டோடிய பல்லாவரம், இங்கிருந்து ஒரு பஸ் பயணத் தூரம்!