இரத்தத்தில் வாழும் புழுவும் அதன் தோலும்



விரலில் சிலாம்பு ஏறினால் அந்த இடம் சிவந்து, வீங்கி, சீழ் பிடிக்கிறது. அந்நியப் பொருள் ஒன்று உள்ளே நுழைந்ததும் இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் அதை எதிர்த்துப் போராடுவதே இதற்குக் காரணம். ஆனால், இரத்தக் குழாய்க்குள்ளேயே பல ஆண்டுகள் வாழும் தட்டைப்புழு இனம் ஒன்று உண்டு. அதை மட்டும் நம் உடல் ஏன் விட்டுவைக்கிறது?

இது தூர தேசத்துச் செய்தி அன்று. இறந்துபோன ஒராங் அஸ்லி ஒருவரின் உடலைச் சோதித்தபோது இந்நோய் தெரியவந்தது. மலேசியாவில் கண்ட இந்த முதல் நோயாளியைப் பற்றி முருகாசு, திசாநாயக்க ஆகிய இருவரும் 1973-இல் எழுதினர். 1988-இல் அப்புழுவுக்கு நம் நாட்டின் பெயரையே சேர்த்து, சிஸ்டோசோமா மலாயென்சிஸ் என்று பெயரிட்டனர். காட்டு எலிகளே இதன் இயற்கை வீடு. அதன் குஞ்சுகள் ஓடைகளிலுள்ள சிறு நத்தைகளில் வளர்ந்து, தண்ணீரில் இறங்குவோரின் தோலைத் துளைத்து உள்ளே செல்கின்றன. மனிதரிடம் இது மிக அரிது. ஆகவே, யாரும் பயப்பட வேண்டாம்.

இவ்வினப் புழுக்களின் இரகசியம் அவற்றின் தோலில் இருக்கிறது. முன்பு அதை வெறும் செத்த மேலுறை என்றே எண்ணினார்கள். 1960களில் எலக்ட்ரான் நுண்நோக்கியில் பார்த்தபோதுதான், தட்டைப்புழுவின் தோல் இடையில் சுவரே இல்லாத ஒரே உயிருள்ள படலம் என்பது தெரிந்தது. இரத்தப் புழுவின் தோலில் கடற்பஞ்சைப்போல மடிப்புகளும் குழிகளும் நிறைந்திருக்கின்றன. சில இடங்களில் நுண்ணிய முட்களும் உண்டு. மடிப்புகளால் தோலின் பரப்பு பெருகுகிறது. வாய் இருந்தும், இரத்தத்திலுள்ள சர்க்கரையை இத்தோல் வழியாகவே அது உறிஞ்சிக்கொள்கிறது.

மழையில் கொழுந்து பறிக்கும்போது ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பிளாஸ்டிக் தாள் போர்த்திக்கொண்டால் எப்படியோ, அப்படியே இப்புழுவுக்கும் இரட்டைச் சவ்வு உண்டு. நம் உடலில் நுழைந்த சில மணி நேரத்திலேயே அது உருவாகிவிடுகிறது. மேற்சவ்வு பழுதானால் அதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டுக்கொள்ளும். நம் இரத்தத்திலுள்ள சில பொருள்களையும் மேலே பூசிக்கொள்ளும். காவலனின் சட்டையையே அணிந்துவந்த திருடனைக் காவலன் எப்படிப் பிடிப்பான்?

பிராசிகுவாண்டல் என்னும் மருந்து இந்தத் தோலைத்தான் தாக்குகிறது. மருந்து பட்டதும் புழுவின் தசைகள் இறுகுகின்றன. தோலில் கொப்புளம் எழும்பி வெடிக்கிறது. வேடம் கலைந்ததும் வெள்ளை அணுக்கள் அதை அடையாளம் கண்டு அழிக்கின்றன. நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சாதாரணப் பூச்சி மாத்திரையோ இதனிடம் பலிக்காது.

பெற்றோர்களே, எல்லாப் பூச்சியும் ஒன்றல்ல. எல்லா மருந்தும் ஒன்றல்ல. பிள்ளையின் மலத்தில் இரத்தம் கண்டாலோ, வயிறு வீங்கினாலோ, கடையில் வாங்கிய மாத்திரையோடு நின்றுவிடாதீர்கள். கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். எந்த ஆற்றில், எந்த ஓடையில் குளித்தான் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். எந்தப் பூச்சி என்று தெரிந்தால்தான் சரியான மருந்தைக் கொடுக்க முடியும்.