பனைமேல் முளைத்த ஆல்: பழைய நிரலைப் புதிய கட்டமைப்போடு சேர்ப்பது எப்படி?

நாமக்கல் வட்டாரத்தில் பழைய லாரி வாங்கி விற்றவர்களுக்கு ‘பேக்லாக்’ என்ற சொல் பழக்கமானது. ஆர்.சி. புத்தகம் கையில் இருக்கும். பெயர் மாற்றலாம் என்று இணையத்தில் வண்டி எண்ணை அடித்தால் விவரமே வராது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பழைய பதிவேட்டைப் பார்த்து, அந்த வண்டியின் விவரத்தை ‘பேக்லாக்’ பதிவாக ஏற்றிய பிறகுதான் வேலை நகரும்.

காரணம் இதுதான். தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய ‘வாகன்’ மென்பொருளின் முதல் பதிப்பு, ஒவ்வொரு ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் தனித்தனி சர்வரில் ஓடியது. டிஎன் 28 வண்டியின் விவரம் நாமக்கல்லில் இருக்கும். டிஎன் 34 திருச்செங்கோட்டில், டிஎன் 52 சங்ககிரியில். அங்கிருந்து மாநில, தேசியப் பதிவேடுகளுக்கு நகல் போகும். பின்னால் வந்த ‘வாகன் 4’ அப்படியல்ல. மைய சர்வரில் ஓடும் இணையச் செயலி அது. நாடு முழுவதும் ஒரே இரவில் மாறிவிடவுமில்லை. அலுவலகம் அலுவலகமாக, மாநிலம் மாநிலமாக மாறினார்கள். தெலங்கானாவின் விவரங்கள் நெடுங்காலம் அதில் சேராமலே இருந்தன. பழையதும் புதியதும் அருகருகே ஓடிய அந்த இடைக்காலம்தான் இத்தகைய எந்த வேலையிலும் கடினமான பகுதி.

அதே இடைக்காலத்துக்குள் இன்று சேலம், நாமக்கல் பகுதியின் தனியார் அலுவலகங்களும் நுழைகின்றன. லாரி புக்கிங் ஆபீஸ், பஞ்சாலை, கோழித்தீவனக் கடை, ரிக் வண்டி ஆபீஸ் எனப் பல இடங்களில் பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன் பிஎச்பியிலோ ஏஎஸ்பியிலோ எழுதிய மென்பொருள் இன்னும் ஓடுகிறது. எழுதியவர் பெங்களூருக்கோ துபாய்க்கோ போயிருப்பார். முதலாளிக்கு இப்போது மொபைலில் கணக்குப் பார்க்க வேண்டும், ஜிஎஸ்டி, இ-வே பில்லோடு இணைக்க வேண்டும். புதிதாக வருகிற இளைஞர் லாராவெல், ஜாங்கோ போன்ற புதிய கட்டமைப்பில், அதாவது பிரேம்வொர்க்கில், பழகியவர். பழைய நிரலைத் திறந்து பார்த்தவுடன் அவர் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: “இதைத் தூக்கிப் போட்டுட்டு முதல்ல இருந்து எழுதிடலாம்.”

அப்படிச் செய்யாதீர்கள் என்பதே இந்தக் கட்டுரை சொல்ல வருவது. திருச்செங்கோட்டு ரிக் ஆபீஸின் பில்லை எடுத்துக்கொள்வோம். போர்வெல் போடக் கூலி அடிக் கணக்கு. குறிப்பிட்ட ஆழம் தாண்டியதும் ஒவ்வொரு நூறு அடிக்கும் விலை ஏறும். கேசிங் பைப்புக்குத் தனி விலை. பழைய குழியை மறுபடி ஓட்டினால் வேறு கணக்கு. ஏஜென்ட் கமிஷன் சில இடங்களில் மொத்தத்தில் கழியும், சில இடங்களில் தனியாகப் போகும். இந்த விதிகள் எந்த நோட்டிலும் எழுதப்பட்டிருக்காது. பில் போடும் அந்தப் பழைய கோப்பின் நடுவில், பார்க்க அசிங்கமான ஐம்பது வரிகளில்தான் அவை மொத்தமும் இருக்கும். நிரலை எறிந்தால் விதியும் சேர்ந்து போகும்.

பெரிய நிறுவனங்களே இதில் அடிபட்டிருக்கின்றன. நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பிரவுசரில் நான்காம் பதிப்பு 1997இல் வந்தது. பிறகு நிரலை அடியோடு மாற்றி எழுத இறங்கினார்கள். ஐந்தாம் பதிப்பு வெளிவரவே இல்லை. ஆறாம் பதிப்பு வந்தது 2000 நவம்பரில். அதற்குள் பிரவுசர் சந்தை மைக்ரோசாப்ட் கைக்குப் போய்விட்டது.

மாற்று வழி, பழையதை ஓடவிட்டுக்கொண்டே பகுதி பகுதியாக மாற்றுவது. அதற்குப் பெயர் வைத்தவர் மார்ட்டின் ஃபவ்லர் என்ற மென்பொருள் எழுத்தாளர். ஆஸ்திரேலியக் காட்டில் ஒரு மரத்தின் உச்சியில் முளைத்து, விழுதிறக்கி, தாங்கிய மரத்தையே சுற்றி வளைக்கும் அத்தி வகையைப் பார்த்துவிட்டு, 2004இல் அதையே ஒரு முறைக்குப் பெயராக்கினார். நம்மூரில் அதற்குக் காடு தேட வேண்டாம். ராசிபுரம், பரமத்தி பக்கம் பனையின் கழுத்தில் முளைத்த ஆல் எத்தனையோ உண்டு. ஆலின் வேர் மண்ணைத் தொடும்வரை பனைதான் தாங்குகிறது.

கணினியில் இதைச் செய்வது முகவரி வழியாக. பயனர் கேட்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு முகவரி இருக்கிறது. முன்னால் நிற்கும் எஞ்சின்எக்ஸ் அல்லது அப்பாச்சி சர்வரில் ஒரு விதி எழுதுகிறோம்: டிரிப் ஷீட் கேட்டால் புதிய பிரேம்வொர்க்குக்கு அனுப்பு, மற்றதெல்லாம் பழைய கோப்புக்கே போகட்டும். அடுத்த மாதம் டீசல் கணக்கு, அதற்கடுத்து டிரைவர் பேட்டா. ஒவ்வொரு பக்கமாக விதியில் வரி கூடும். ஆபீஸ் ஒரு நாளும் மூடாது.

பழைய கோப்பைப் பிரேம்வொர்க்குக்கு உள்ளேயே ஓட்டவும் வழி உண்டு. சிம்ஃபனி என்ற பிஎச்பி பிரேம்வொர்க் அதைத் தன் வழிகாட்டியிலேயே விளக்குகிறது. ஆனால் பழைய நிரலில் ‘எக்சிட்’ என்ற கட்டளை அங்கங்கே கிடக்கும். அது ஓடிய நொடியில் எல்லாம் நின்றுவிடும்; பிரேம்வொர்க் கடைசியில் செய்யவேண்டிய செஷன் சேமிப்பு நடக்காது. இன்னொரு தடை, பதிப்பு. டேட்டாபேஸோடு பேச அந்நாளில் எல்லாரும் பயன்படுத்திய ‘மைஎஸ்கியூஎல்_’ என்று தொடங்கும் கட்டளைகள் 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7இல் நீக்கப்பட்டன. லாராவெல் 11க்கோ பிஎச்பி 8.2 வேண்டும். எனவே ஒரே சர்வரில் இரண்டு பிஎச்பி தனித்தனியாக ஓடுவதே நடைமுறை. பிஎச்பி 5.6க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 முடிவோடு நின்றுவிட்டன. பழைய பகுதியை வெளி இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவைப்பது ஆபத்து. புதியதன் லாகினைத் தாண்டித்தான் அதை அடைய முடிய வேண்டும்.

லாகின் ஒரே இடத்தில் இருக்கட்டும். பழைய டேட்டாபேஸில் பாஸ்வேர்டு பெரும்பாலும் எம்டி5 முறையில் கிடக்கும்; இன்று அது பூட்டே அல்ல. பயனர் அடுத்த முறை உள்ளே வரும்போது பழைய முறையில் சரிபார்த்து, அப்போதே பிகிரிப்ட் முறையில் மாற்றி எழுதிவிடலாம். யாரையும் புதிய பாஸ்வேர்டு போடச் சொல்லித் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை.

தமிழில் கணக்கு வைக்கும் ஆபீஸ்களுக்கு இதைவிடப் பெரிய வேலை ஒன்று காத்திருக்கிறது: எழுத்து. 1999இல் டாம், டாப் குறியீடுகள் வந்தன. வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களுக்குத் தனிக் கணக்கு. 2010 ஜூனில்தான் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ் 16ஐயும் தரமாக அறிவித்தது. பழைய எழுத்துருவில் அடித்த பெயர், எழுத்துரு இல்லாத மொபைலில் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். அதை மாற்றுமுன் எந்தப் பெயர் எந்த எழுத்துருவில் அடித்தது என்று பிரித்தாக வேண்டும். கலந்து கிடப்பதுதான் வழக்கம்.

யூனிகோடுக்கு வந்த பிறகும் ஒரு பொறி உண்டு. ‘நாமக்கல்’ நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. யூனிகோடு கணக்கில் எட்டு குறி. ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 24 பைட். மைஎஸ்கியூஎல் 8.0 வரும்வரை, அதாவது 2018வரை, தானாக அமையும் எழுத்துத்தொகுதி ‘லத்தீன்1’. அதில் 20 இடம் ஒதுக்கிய ஊர்ப்பெயர்க் கட்டத்தில் இந்த 24 பைட்டைப் போட்டால் ‘நாமக்க’ என்று வந்து, பின்னால் ஒரு கறுப்புக் கேள்விக்குறி நிற்கும். மாற்றும் முன் பேக்கப் எடுத்து, நகலில் சோதித்துவிட்டுத்தான் அசலில் கை வைக்க வேண்டும்.

வண்டி எண்ணும் இப்படித்தான். ஒருவர் இடைவெளி விட்டு அடித்திருப்பார், ஒருவர் கோடு போட்டிருப்பார், ஒருவர் 0123 என்பதை 123 என்றே விட்டிருப்பார். ஆபீஸ் கணக்கில் எல்லாம் ஒரே வண்டி. இ-வே பில்லில் போகும் எண்ணோ வாகன் பதிவோடு சரிபார்க்கப்படுகிறது. எண்ணைச் சீராக்கும் விதியை ஒரே இடத்தில் எழுதி, பழையதும் புதியதும் அதையே அழைக்கச் செய்வது நல்லது.

டேட்டாபேஸ் இரண்டுக்கும் பொதுவாக இருக்கலாம். ஆனால் ஒரு டேபிளில் எழுதும் உரிமை ஒரு பக்கத்துக்கு மட்டும் இருக்கட்டும். இருவரும் எழுதினால் வாடகை பாக்கி எந்தப் பக்கம் தவறியது என்று கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஓடும்.

புதிய பில் பக்கத்தைத் திறந்துவிடும் முன், பழைய பில்களையே கேள்வித்தாளாக வைக்க வேண்டும். அதே அடியை, அதே பைப்பை இரண்டிலும் கொடுத்து, தொகை பைசா வரை ஒத்துப்போகிறதா பாருங்கள். விலை ஏறும் எல்லை 300 அடி என்றால் 299, 300, 301 மூன்றையும் போட்டுப் பார்க்க வேண்டும். தவறு பெரும்பாலும் அந்த ஓரங்களில்தான் ஒளிந்திருக்கும். தொகை வேறுபட்டால் புதியதுதான் சரி என்று முடிவு கட்டாமல், பில் போடுபவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். நிரலில் பிழை போலத் தெரிவது, ஒரு பழைய வாடிக்கையாளருக்கு முதலாளி கொடுத்த சலுகையாக இருக்கலாம்.

பழைய கோப்புகளை எப்போது அழிப்பது? சர்வரின் லாக் சொல்லும், எந்தக் கோப்பை யார் எப்போது அழைத்தார்கள் என்று. மூன்று மாதம் யாரும் தொடவில்லை என்பதற்காக ஒரு கோப்பை எடுத்துவிட வேண்டாம். ஆண்டுக் கணக்கு முடிக்கும் பக்கத்தை மார்ச் 31ஐ ஒட்டித்தான் திறப்பார்கள். ஒரு மார்ச் முழுதாகக் கடந்து, ஆடிட்டர் கேட்ட ரிப்போர்ட்டுகள் எல்லாம் புதியதிலிருந்தே வந்த பிறகு, பழையதை நிறுத்தலாம்.