போன வருஷ விதை இந்த ஆடிக்கு முளைக்குமா?

ஆடி பிறந்தாச்சு. மாடியில தொட்டி, தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் எல்லாம் தயார். போன வருஷம் மீந்த விதைப் பொட்டலத்தை எடுக்கப் போறீங்களா? கொஞ்சம் பொறுங்க.

விதை முளைக்காமல் போனால் நஷ்டம் அந்தப் பொட்டலத்தின் விலை மட்டுமல்ல. இரண்டு வாரம் தண்ணீர் ஊற்றிக் காத்திருந்து, மறுபடி விதைத்தால் பட்டம் தள்ளிப்போகும். தக்காளி, கத்தரி நாற்றுகள் வேர் பிடிக்கும் முன்பே ஐப்பசி மழையில் சிக்கிக்கொள்ளும். அதனால் ஆனி மாதக் கடைசியிலேயே சோதித்துவிடுவது நல்லது. இப்போது விட்டிருந்தாலும் பரவாயில்லை, இன்றைக்கே தொடங்கலாம்.

பழைய பருத்தி வேட்டித் துண்டு ஒன்றை நனைத்து, நீர் சொட்டாத அளவுக்குப் பிழியுங்கள். 20 விதைகளை இடைவெளி விட்டுப் பரப்பி, துணியைச் சுருட்டி, மூடி லேசாகத் திறந்த டப்பாவில் நிழலில் வையுங்கள். பத்து விதை போதும் என்பார்கள். ஆனால் பத்தில் ஒன்று தவறினாலே கணக்கு 10 சதவீதம் மாறிவிடும். விதை நிறைய இருந்தால் 50 வரைகூட வைக்கலாம். தினமும் பிரித்துப் பார்த்து, காய்ந்திருந்தால் நீர் தெளியுங்கள்.

தட்டைப்பயறு மூன்று, நான்கு நாளிலேயே முளை காட்டும். எட்டாம் நாள் எண்ணிவிடலாம். தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு 14 நாள் வரை பொறுமை வேண்டும். "ஒரு வாரமாச்சு, மிளகாய் வரலையே" என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

எண்ணும்போது வேரும் தண்டும் நன்றாக வந்தவற்றை மட்டும் சேருங்கள். பூஞ்சை பிடித்து அழுகியவை செத்த விதைகள். சில வெண்டை, பாகல் விதைகள் ஊறாமல் கல் மாதிரியே கிடக்கும். அவை உயிரோடு இருக்கலாம். தோல் கடினமாக இருப்பதால் தண்ணீர் உள்ளே போவதில்லை. தோலை லேசாகக் கீறி, இரவு முழுக்க ஊறவைத்து மறுபடி பாருங்கள். தண்ணீரில் போட்டு மிதக்கும் விதையை ஒதுக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அது பொக்கு விதையைத்தான் காட்டும். மூழ்கும் விதையெல்லாம் முளைக்கும் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை.

20-ல் 17 முளைத்தால் 85 சதவீதம், தாராளமாக விதைக்கலாம். 12 என்றால் 60 சதவீதம், குழிக்கு இரண்டு விதை போடுங்கள். பாதிக்கும் கீழே என்றால் புது விதை வாங்குவதே மேல். வெங்காய விதை ஒரு வருஷத்திலேயே வீரியம் இழக்கும், அதைச் சோதிக்காமல் போடவே வேண்டாம். துணியில் முளைத்தவற்றை வீணாக்காமல் அப்படியே தொட்டியில் நடலாம். நிறம் ஏற்றிய விதை என்றால் அது மருந்து கலந்தது. குழந்தைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுப் பாக்கெட் வாங்கும்போது அட்டையில் முளைப்புத்திறன், பரிசோதனை நாள், காலாவதி நாள் மூன்றையும் படியுங்கள். முளைப்புத்திறன் குறைந்தபட்சம் தக்காளி, கத்தரிக்கு 70, வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60 சதவீதம் இருக்க வேண்டும். பில் கேட்டு வாங்குங்கள். விதைக் கட்டுப்பாட்டு ஆணை, 1983-ன்படி விற்பவர் அதைத் தந்தாக வேண்டும்.

காலாவதி ஆகாத விதை உங்கள் சோதனையில் தேறவில்லையா? இன்னொரு முறை சோதியுங்கள். அப்போதும் அப்படியே என்றால், மீதி விதையைப் பாக்கெட்டோடும் பில்லோடும் எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி விதை ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம். அதனால்தான் முதல் நாளே முழுப் பாக்கெட்டையும் கொட்டி விதைத்துவிட வேண்டாம். வீட்டில் சேமித்த விதையை அதிக அளவில் போடப் போகிறீர்கள் என்றால், அரசு விதைப் பரிசோதனை நிலையத்தில் மாதிரி கொடுத்துக் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். அங்கே 400 விதைகளை வைத்து எண்ணிச் சொல்வார்கள்.