புது கார் வாங்கியாச்சு... முதல் 1,000 கி.மீ. எப்படி ஓட்டணும்?

காஞ்சிபுரத்தில் புது கார் எடுத்தால் அடுத்து என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஷோரூமிலிருந்து நேராகக் காமாட்சி அம்மன் கோயில். மாலை, சந்தனம், குங்குமம், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு திருப்பதி. "புது வண்டி, மெதுவா போப்பா" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லி அனுப்புவார்கள்.

அந்த அறிவுரை பாதிதான் சரி. புது காருக்கு முக்கியம் மெதுவாகப் போவது மட்டுமல்ல. ஒரே வேகத்தில் போகாமல் இருப்பதும், எஞ்சினைத் திணற விடாமல் இருப்பதும்தான்.

எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது?

சிலிண்டரின் உள்சுவர் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்காது. ஆயில் தங்குவதற்காக அதில் மெல்லிய சாய்கோடுகளை ஆலையிலேயே போடுகிறார்கள். பிஸ்டன் ரிங்குகள் அந்தச் சுவரில் உரசி உரசித்தான் சரியாகப் படியும். படிந்தால்தான் எரியும் வாயு கீழே கசியாது. கீழே உள்ள ஆயில் மேலே ஏறி எரியாது. சரியாகப் படியாவிட்டால் ஆயில் சீக்கிரம் குறையும். மைலேஜும் பிக்-அப்பும் அடிவாங்கும்.

ரிங்கைச் சுவரோடு அழுத்துவது எரியும் வாயுவின் அழுத்தம்தான். அதனால் ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் ஓட்டிக்கொண்டே இருந்தால் ரிங் ஒழுங்காகப் படியாது. எடுத்த எடுப்பில் முழுசா மிதிச்சாலும் சூடு ஏறித் தேய்மானம் கூடும். இரண்டுக்கும் நடுவில் ஓட்டணும்.

இப்போதைய கார்களுக்கும் இது தேவையா?

காஞ்சிபுரம் மாவட்டத்துக்குக் கார் தயாரிப்பு புதிதல்ல. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் சான்ட்ரோ 1998-ல் வெளிவந்தது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010-ல் திறக்கப்பட்டது. அம்பாசடர், பியட் காலத்தைவிட இன்று பாகங்களைத் துல்லியமாகக் கடைகிறார்கள். அதனால் கட்டுப்பாடுகள் குறைந்திருக்கின்றன. ஆனால் முற்றிலும் போய்விடவில்லை. முதல் 1,000 கி.மீ. வரை கவனம் தேவை என்று இன்றும் பல கையேடுகள் சொல்கின்றன. பெட்ரோல் காரில் டாக்கோமீட்டர் முள் பொதுவாக 2,000–4,000 ஆர்.பி.எம்-க்குள் இருந்தால் நல்லது. டீசலுக்கு இதைவிடக் குறைவு. உங்கள் காரின் கையேட்டில் உள்ள அளவே இறுதியானது.

ஊருக்குள்ளும் பைபாஸிலும்

முகூர்த்த சீசனில் காந்தி ரோடு பட்டுக்கடைகளைத் தாண்டுவதே பெரும்பாடு. அங்கே பலர் செய்யும் தப்பு, மூன்றாவது கியரிலேயே 15 கி.மீ. வேகத்தில் வண்டியை முக்க வைப்பது. கியரைக் குறையுங்கள். கிளட்ச் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டாதீர்கள்.

பெங்களூரு நெடுஞ்சாலையில் நடக்கும் தப்பு வேறு. சாலை நேராக இருக்கிறது என்று 80-ல் க்ரூஸ் கன்ட்ரோலைப் போட்டுவிட்டு ஸ்ரீபெரும்புதூர் வரை அப்படியே போவது. அங்கே 60, 80, 70 என்று வேகத்தை மாற்றிக்கொண்டே போங்கள். பின்னால் வருபவர்களைக் கவனித்து, இடது லேனில் இருந்தபடி இதைச் செய்யணும்.

இதற்கு உத்திரமேரூர் சாலையோ, வாலாஜாபாத் வழியாகச் செங்கல்பட்டு போகும் சாலையோ இன்னும் வசதி. ஊர்களும் திருப்பங்களும் வேகத்தடைகளும் வருவதால் வேகமும் கியரும் தானாகவே மாறும்.

அப்போ திருப்பதி?

தாராளமாகப் போகலாம், முதல் வாரமே வேண்டாம். அரக்கோணம், திருத்தணி வழியாகச் சுமார் 110 கி.மீ. சமதளப் பாதை. அதற்குப் பிறகுதான் சோதனை. ஐந்து பேர், லக்கேஜ், ஏசியுடன் மலை ஏறினால் எஞ்சின் மேல் பளு கூடும். இறங்கும்போது முழுப் பளுவும் பிரேக் மேல்.

புது பிரேக் பேடு டிஸ்க்கோடு முழுசாகப் படிய முதல் சில நூறு கி.மீ. ஆகும். புது டயரின் பிடிப்பும், குறிப்பாக ஈரமான சாலையில், உடனே முழுசாக இருக்காது. எனவே முன்னால் போகும் வண்டியிலிருந்து கூடுதல் இடைவெளி விடுங்கள். அவசரத்துக்குத் தவிரச் சடன் பிரேக் வேண்டாம். முதல் சர்வீஸை முடித்துவிட்டு மலை ஏறுவது நல்லது. அப்போதும் குறைந்த கியரிலேயே இறங்குங்கள்.

எலெக்ட்ரிக் கார் என்றால் ரிங் பிரச்னை கிடையாது. ஆனால் பிரேக், டயர் விஷயத்தில் இதே கவனம் தேவை.

மறக்கக் கூடாதவை

* காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆக்சிலரேட்டரை முறுக்காதீர்கள். நின்ற இடத்தில் நெடுநேரம் ஓடவிடவும் வேண்டாம். கிளம்பி, முதல் சில நிமிடங்கள் நிதானமாக ஓட்டினால் போதும்.

* டர்போ எஞ்சின் என்றால், நீண்ட ஓட்டத்துக்குப் பின் அரை நிமிடம் ஐடிலில் விட்டு நிறுத்துங்கள்.

* வாரம் ஒருமுறை ஆயில் அளவையும் டயர் காற்றையும் பாருங்கள்.

* முதல் இலவச சர்வீஸுக்கு கி.மீ., நாள் என இரண்டு கணக்கு உண்டு. எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு.

பூஜை முடிந்து கிளம்பும்போது இன்னொன்று. மாலை கிரில்லை மறைத்தால் ரேடியேட்டருக்குக் காற்று போகாது. கேமராவிலும் சென்சாரிலும் சந்தனம் இருந்தால் அவை சரியாக வேலை செய்யாது. சாமி கும்பிட்டதும் இரண்டையும் எடுத்துவிட்டு வண்டியை எடுங்கள்.