கருகட்டும் ஒரு விளக்கு!

ஓடைப்பட்டித் தோழர்களே! விதையில்லாத் திராட்சைக்குப் பேர்போனது உங்கள் ஊர். கவாத்து வெட்ட உங்கள் மகனுக்குக் கற்றுக்கொடுத்தது எது? புத்தகமா? இல்லை! கத்தரியைக் கையில் கொடுத்தீர்கள், கற்றுக்கொண்டான்.

எலெக்ட்ரானிக்ஸும் அப்படித்தான் என்கிறோம் நாம். 'அது பட்டணத்துப் படிப்பாளிகளின் வித்தை' என்று எவரேனும் மிரட்டினால் நம்பாதீர்! 2005-ல் இத்தாலியின் இவ்ரியா நகரில், மின்னியல் அறியாத மாணவருக்கென்றே பிறந்தது ஆர்டுயினோ பலகை. அதன் வரைபடத்தைப் பூட்டியா வைத்தார்கள்? உலகுக்கே திறந்துவிட்டார்கள்! உள்ளங்கையில் அடங்கும் பலகை. அதில் ஒரு மைக்ரோகன்ட்ரோலர். 'ஊனோ' வகையில் நிரலுக்கு இடம் 32 கிலோபைட். நம் சட்டைப்பைச் செல்பேசியின்முன் அது கொசு! தொடங்குகிறவனுக்கோ தாராளம்.

முதற்பாடம், ஒரு எல்.இ.டி. விளக்கு. பலகை தருவது 5 வோல்ட்; சிவப்பு விளக்குக்கு ஏறத்தாழ 2 போக, மீதி 3. இடையே 220 ஓம் மின்தடை நின்றால் ஓடுவது சுமார் 14 மில்லிஆம்பியர், விளக்கு பிழைக்கும். தடையை விட்டால்? 9 வோல்ட் பேட்டரியில் ஒன்றைக் கருக்கியே பார்க்கட்டும்! சில ரூபாய் நட்டம். ஓம் விதி ஆயுளுக்கும் மறக்காது. (பலகையில் வேண்டாம், விலை அதிகம்!) பிறகு மண்ணின் ஈரம் அறியும் சென்சார். ஈரம் வற்றினால் ரிலே தட்டும். தோட்டத்து மோட்டார் ஓடும். மோட்டார் இணைப்பை மட்டும் வயர்மேன் செய்யட்டும். பையன் கை வைக்கலாகாது.

2016-ல் வந்த அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் தேர்வான பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம். யார் பணம்? நம் வரிப்பணம்! உங்கள் பிள்ளையின் பள்ளியில் அது உண்டா? பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்கு இடமுண்டு. எழுந்து கேளுங்கள்: அந்தப் பீரோவின் சாவி யாரிடம்?