வெளிநாட்டுப் பண்ணையில் தன்னார்வலர்... சம்பளம் இல்லை, பாடம் உண்டு!

வேளாண்மை படித்த கிராமத்துப் பிள்ளைகள் சிலருக்கு, வெளிநாட்டுப் பண்ணையில் சில மாதம் தங்கி வேலை பழக ஆசை. ‘உழைப்புக்குச் சாப்பாடும் தங்க இடமும்’ என்ற ஏற்பாட்டில் இதற்கு வழி இருக்கிறது. ஆனால், அங்குள்ள நடைமுறை போகிற பிள்ளைக்கும் அனுப்புகிற வீட்டுக்கும் முன்பே தெரிந்திருந்தால்தான், போன இடத்தில் மனம் ஒட்டும்.

இங்கிலாந்தில் தொடங்கியது

லண்டனில் செயலாளராக வேலை பார்த்தவர் சூ கோப்பார்ட். வார விடுமுறையைக் கிராமத்தில் கழிக்க விரும்பிய அவர், 1971-ல் சஸ்ஸெக்ஸ் பகுதியில் எமர்சன் கல்லூரிப் பண்ணையில் சோதனை முயற்சி ஒன்றைத் தொடங்கினார். அதுவே ‘வூஃப்’ என்ற பெயரில் பல நாடுகளுக்கும் பரவியது. இயற்கை விவசாயப் பண்ணைகளில் பொதுவாகத் தினமும் 4 முதல் 6 மணி நேரம் வேலை. பண்ணையாளர் சம்பளம் தருவதில்லை. தன்னார்வலர் வாடகை கொடுப்பதில்லை.

முதல் இரண்டு வாரம்

இங்கிலாந்தில் ஜூன் மாதத்தில் சுமார் 16 மணி நேரம் பகல். டிசம்பரில் சுமார் 8 மணி நேரம்தான். குளிர்காலத்தில் மாலை 4 மணிக்கே இருட்டிவிடும். வீட்டு நினைவு அதிகம் வாட்டுவதும் அப்போதுதான். எனவே, முதல் பயணத்துக்குக் கோடைக்காலமே நல்லது.

ரொட்டியும் உருளைக்கிழங்கும்தான் பெரும்பாலும் சாப்பாடு. ‘வாரத்தில் ஒருநாள் நான் சமைக்கிறேன்’ என்று கேட்டுப் பார்க்கலாம். வயதில் மூத்த பண்ணையாளரையும் பெயர் சொல்லியே அழைப்பார்கள். அங்கே அது மரியாதைக் குறைவல்ல. ‘சாணி அள்ளவா பட்டம் படித்தேன்?’ என்ற எண்ணத்தை ஊரிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். சிறு பண்ணைகளில் உரிமையாளரும் கூடவே நின்று அள்ளுவார்.

நமக்குப் பழகிய ஜெர்சி மாட்டின் பூர்வீகம், இங்கிலாந்துக்குத் தெற்கே உள்ள ஜெர்சி தீவு. அங்கே மாடுகளுக்குக் கோடையில் மேய்ச்சல்; குளிர்காலத்தில் கொட்டகையில் ஊறுகாய்ப் புல். இதைக் கூடவே இருந்து கவனித்தால், நம் ஊர் தீவனத் தட்டுப்பாட்டுக்கும் ஒரு பாடம் கிடைக்கும்.

பெட்டியில் நெய் வேண்டாம்

2001-ல் பிரிட்டனில் கோமாரி நோய் பரவியபோது 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் அழிக்கப்பட்டன. அதனால் கட்டுப்பாடு கடுமை. நெய், பால்கோவா, கருவாட்டுடன் சேர்த்துக் கட்டும் இறைச்சி வற்றல், விதைப் பொட்டலம் எதையும் வைத்து அனுப்பாதீர்கள். இங்கே மாட்டுக் கொட்டகையில் போட்ட செருப்பும் வேண்டாம்.

விசாவில்தான் ஏமாற்று

சாதாரணச் சுற்றுலா விசாவில் பிரிட்டன் போகிறவர், பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தில் மட்டுமே 30 நாள் வரை தன்னார்வப் பணி செய்யலாம். தனியார் பண்ணைக்கு அது பொருந்தாது. 18 முதல் 30 வயதுள்ள இந்தியப் பட்டதாரிகளுக்கு, குலுக்கல் முறையில் 2 ஆண்டு தங்கும் விசா தனியாக உள்ளது. குலுக்கலில் பெயர் பதியக் கட்டணம் இல்லை. விதிகள் மாறக்கூடியவை என்பதால், அந்நாட்டு அரசின் இணையதளத்தில் சரிபார்த்த பிறகே பணம் கட்டுங்கள். ‘பண்ணையில் தங்கலாம், மாதச் சம்பளமும் உண்டு’ என்று லட்சக்கணக்கில் கேட்கும் ஏஜென்டை நம்பி நகையை அடகு வைக்க வேண்டாம்.

புறப்படும் முன் எழுத்தில் கேட்க வேண்டியவை

* தினமும் எத்தனை மணி நேரம் வேலை? வாரத்தில் எத்தனை நாள் விடுப்பு?
* தனி அறையா? கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டா?
* அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது?
* பக்கத்து ஊருக்குப் பேருந்து உண்டா?

பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுத்து வைக்கக் கூடாது. திரும்பிவர டிக்கெட்டுக்கான பணம் எப்போதும் கையில் இருக்கட்டும். இடம் சரியில்லை என்றால் மறுநாளே கிளம்பலாம் என்ற தைரியத்தை அதுதான் தரும். ‘பாதியில் வந்துவிட்டாயே’ என்று வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள் என்பதையும், அனுப்பும்போதே பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள்.